சாஃப்ட்வேர் வாங்கினால் லாபம் கூடுமா? கோவை பட்டறைகளின் கணக்கு என்ன சொல்கிறது?

கோவை ஆவாரம்பாளையம், கணபதி, சின்னவேடம்பட்டி பக்கம் போனால் தெருவுக்குப் பத்து லேத் பட்டறை இருக்கும். அதில் பாதியில் இன்று சிஎன்சி மெஷின் ஓடுகிறது. ஓனர் கையில் ஸ்மார்ட்போன், டேபிளில் டேலி போட்ட கம்ப்யூட்டர், வாட்ஸ்அப்பில் நாலைந்து கஸ்டமர் குரூப். பார்த்தால் எல்லாமே டிஜிட்டல்தான்.

"தம்பி, அந்த ஜாப் எப்ப முடியும்?"

"செட்டிங் ஓடிட்டிருக்குங்கண்ணா."

"நேத்தும் இதைத்தானே சொன்ன?"

பட்டறைகளில் தினமும் கேட்கிற பேச்சு இது. 30 லட்சம் ரூபாய் மெஷின் இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனால் நேற்று மெஷின் எத்தனை மணி நேரம் நிஜமாக ஓடியது என்று கேட்டால் பதில் இல்லை.

'டிஜிட்டலுக்கு மாறுங்கள், லாபம் பெருகும்' என்று எல்லாரும் சொல்கிறார்கள். வங்கி சொல்கிறது, அரசு சொல்கிறது, சாஃப்ட்வேர் விற்பவர் கட்டாயம் சொல்வார். நிஜத்தில் எப்போது லாபம் கூடுகிறது? எப்போது கடன் மட்டும் கூடுகிறது? கொங்கு மண்டலத்துத் தொழிலை வைத்தே பார்ப்போம்.

கரண்ட் வந்தபோதும் இதேதான் நடந்தது

கம்ப்யூட்டருக்கு முன்பு கோவையை மாற்றிய தொழில்நுட்பம் மின்சாரம். இங்கே முதல் நூற்பாலை 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் காலத்தில் வந்துவிட்டது. ஆனால் மில்கள் வரிசையாக முளைத்தது 1930-களில்தான். நீலகிரியில் பைக்காரா நீர்மின் திட்டம் ஓடத் தொடங்கி, மலிவான கரண்ட் சமவெளிக்கு இறங்கிய காலம் அது. மில்லுக்கு மோட்டார், கிணற்றுக்கு பம்ப், பம்ப் செய்ய ஃபவுண்டரி, ஃபவுண்டரிக்கு லேத் என்று ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது.

இதே மின்சாரம் அமெரிக்காவில் எப்படி வேலை செய்தது என்று பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்று அறிஞர் 1990-ல் ஒரு கட்டுரை எழுதினார். அங்கே 1880-களிலேயே மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் தொழிற்சாலைகளின் உற்பத்தித்திறன் பெரிதாக எகிறியது 1920-களில். நடுவில் ஏன் இத்தனை வருடம்?

காரணம் எளிமையானது. பழைய ஃபேக்டரியில் ஒரு பெரிய நீராவி இன்ஜின் இருக்கும். அதிலிருந்து கூரைக்குக் கீழே நீளமான ஷாஃப்ட் ஓடும். எல்லா மெஷினும் பெல்ட் வழியாக அதில் தொங்கும். கரண்ட் வந்ததும் முதலாளிகள் செய்தது என்ன? நீராவி இன்ஜினைத் தூக்கிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். ஷாஃப்ட் அப்படியே, பெல்ட் அப்படியே, மெஷின் நின்ற இடமும் அப்படியே. அதனால் பெரிய பலன் இல்லை. ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி மோட்டார் வைத்து, வேலை எந்த வரிசையில் நகர வேண்டுமோ அந்த வரிசையில் மெஷின்களை மாற்றிப் போட்ட பிறகுதான் உற்பத்தி எகிறியது.

கம்ப்யூட்டர் வந்தபோதும் இதே கதைதான். எங்கு பார்த்தாலும் கம்ப்யூட்டர் இருக்கிறது, உற்பத்தித்திறன் கணக்கில் மட்டும் அது தெரியவில்லையே என்று 1987-ல் கேட்டவர் பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ. அதே ஆண்டில் நோபல் பரிசு வாங்கியவர் என்பதால் அந்தக் கேள்வியை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

நம்ம ஊர் பட்டறைக்கு இதைப் பொருத்தினால், நோட்டில் எழுதியதை எக்செல்லில் எழுதுவது பழைய ஷாஃப்ட்டில் புது மோட்டார் மாட்டுவது மாதிரி. சுத்தமாக இருக்கும், பார்க்க அழகாக இருக்கும். காசு வராது.

புது மெஷின் வாங்காமலே ஒரு புது மெஷின்

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இது உதாரணம்தான். உங்கள் ரேட், உங்கள் வட்டி எதுவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பட்டறையில் நாலு சிஎன்சி மெஷின். தினம் இரண்டு ஷிஃப்ட், 16 மணி நேரம். மாதம் 25 நாள் என்றால் ஒரு மெஷினுக்கு 400 மணி நேரம் கைவசம் இருக்கிறது. ஜாப் ஒர்க் ரேட் மணிக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஆர்டர் முடிக்க முடியவில்லை என்று ஓனர் ஐந்தாவது மெஷின் வாங்க முடிவு செய்கிறார். 30 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, ஐந்து வருடம். மாதத் தவணை சுமார் 64 ஆயிரம் ரூபாய்.

இருக்கிற மெஷின்கள் 400 மணி நேரத்தில் பாதி நேரம்தான் நிஜமாக வெட்டுகின்றன என்றால், புது மெஷினும் அப்படித்தான் ஓடும். ஆள் அதே ஆள், பழக்கம் அதே பழக்கம். 200 மணி நேரம், 300 ரூபாய், மொத்தம் 60 ஆயிரம். தவணைக்கே 4 ஆயிரம் துண்டு விழுகிறது. ஆபரேட்டர் சம்பளம், கரண்ட், டூல் செலவு எல்லாம் இனிமேல்தான்.

இப்போது வேறு வழி. இருக்கிற நாலு மெஷினின் ஓட்டத்தை 50 சதவீதத்திலிருந்து 65-க்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? மெஷினுக்கு 60 மணி நேரம் கூடுதல். நாலுக்கும் சேர்த்து 240 மணி நேரம். புது மெஷின் கொடுத்திருக்கக் கூடிய 200 மணி நேரத்தைவிட இது அதிகம். 72 ஆயிரம் ரூபாய்க்கு வேலை, தவணை கிடையாது.

சரி, மெஷின் ஏன் பாதி நேரம் நிற்கிறது? பட்டறையில் நின்று பார்த்தால் தெரியும். ஒரு ஜாப் முடிந்து அடுத்ததற்கு செட்டிங் மாற்றுகிறார்கள். இன்சர்ட் தேய்ந்துவிட்டது, மாற்று எங்கே என்று பெட்டி பெட்டியாகத் தேடுகிறார்கள். முதல் பீஸை அளந்து ஓகே சொல்ல வேண்டியவர் வெளியே டெலிவரிக்குப் போயிருக்கிறார். ராடு இன்னும் வரவில்லை. ஆபரேட்டர் லீவ். இதில் பெரிய விஷயம் எதுவும் இல்லை. எல்லாமே பத்து நிமிடம், இருபது நிமிடம். சேர்த்தால் பாதி நாள்.

மெஷினின் கரண்ட் வயரில் ஒரு சின்ன சென்சாரைக் கவ்வ வைத்து, அது எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று மொபைலில் காட்டும் கருவிகள் இப்போது சாதாரணமாகக் கிடைக்கின்றன. மெஷின் விலையோடு ஒப்பிட்டால் செலவு கொஞ்சம்தான். ஆனால் அந்த சென்சாருக்கு மெஷின் நின்றது மட்டும்தான் தெரியும். ஏன் நின்றது என்று தெரியாது. அதை ஆபரேட்டர்தான் சொல்ல வேண்டும். சொன்னால் திட்டு விழும் என்று தெரிந்தால் எல்லா இடைவெளிக்கும் 'செட்டிங்' என்றே பட்டனைத் தட்டுவார். பல இடங்களில் இந்தக் கருவி மூன்றே மாதத்தில் அலங்காரப் பொருளாகிவிடுவது இதனால்தான்.

நூல் மில்லில் எங்கே காசு ஒளிந்திருக்கிறது?

பட்டறையைவிட நூற்பாலைகளுக்கு அளக்கும் பழக்கம் பழையது. கோவையில் 1956-ல் தொடங்கப்பட்ட சிட்ரா என்கிற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிலையம், மில்களிடமிருந்து உற்பத்தி, செலவுக் கணக்குகளை வாங்கி, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுக் காட்டும் வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது. பக்கத்து மில் இதே நம்பர் நூலை எத்தனை ஆளில், எத்தனை யூனிட் கரண்டில் நூற்கிறது என்று தெரிந்தால்தானே நாம் எங்கே நிற்கிறோம் என்று புரியும்?

ரிங் ஃப்ரேம் என்பது நூல் முறுக்கும் மெஷின். ஒரு மெஷினில் ஆயிரத்துக்கும் மேல் ஸ்பிண்டில் இருக்கும். ஓடும்போது அங்கங்கே நூல் அறும். அறுந்ததை சைடர் என்கிற தொழிலாளி நடந்து நடந்து கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்து ஒட்டுவார். அவர் அந்த ஸ்பிண்டிலுக்கு வந்து சேரும் வரை பஞ்சு இழை வந்துகொண்டேதான் இருக்கும். உறிஞ்சு குழாய் அதை இழுத்துக்கொள்ளும். அந்தப் பஞ்சைத் திரும்பக் கலக்கலாம், முழுக்க வீண் இல்லை. ஆனால் அது அதுவரை கடந்து வந்த ஒவ்வொரு மெஷினிலும் செலவான கரண்ட், நேரம், உழைப்பு போச்சு.

இப்போது ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் சென்சார் வந்துவிட்டது. அறுந்த இடத்தில் லைட் எரியும். சைடர் மெஷின் முழுக்க நடக்க வேண்டாம், நேராக அங்கே போகலாம். ஒரு ஷிஃப்ட்டில் அவர் நடக்கும் தூரம் குறைகிறது, ஒரே ஆள் கூடுதல் ஸ்பிண்டிலைப் பார்க்க முடிகிறது. சென்சார் விற்பவர் சொல்லும் லாபம் இதுதான்.

பெரிய லாபம் இன்னொரு இடத்தில் இருக்கிறது. ஆயிரம் ஸ்பிண்டிலில் நூல் அறுவது எல்லாவற்றிலும் சமமாக நடப்பதில்லை. சில பத்து ஸ்பிண்டில்கள் திரும்பத் திரும்ப அறும். டேப் தளர்ந்திருக்கும், டிராவலர் தேய்ந்திருக்கும், ரோலரில் வெட்டு விழுந்திருக்கும். முன்பு இது யாருக்கும் தெரியாது. அறுந்ததும் சைடர் ஒட்டிவிட்டுப் போய்விடுவார். இப்போது சிஸ்டம் அந்த ஸ்பிண்டில்களின் நம்பரை லிஸ்ட் போட்டுத் தருகிறது.

லிஸ்ட் வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் இரண்டு மில்களுக்கு நடுவே வித்தியாசம். ஒரு மில்லில் அந்த லிஸ்ட் காலையில் ஃபிட்டர் கைக்குப் போகும், சாயங்காலத்துக்குள் அந்த ஸ்பிண்டில்கள் சரியாகும். இன்னொரு மில்லில் அது மேனேஜரின் இமெயிலில் தூங்கும். இரண்டு மில்லும் போட்ட முதலீடு ஒன்று. நூற்பாலையின் செலவில் பாதிக்கும் மேல் பஞ்சுக்கே போகிறது. அதனால் பஞ்சிலிருந்து கிடைக்கும் நூலின் அளவு கொஞ்சம் கூடினாலும் வருடக் கணக்கில் அது பெரிய தொகை. ஆள் குறைப்பில் மிச்சமாகும் காசைவிட அங்கேதான் கண் வைக்க வேண்டும்.

மும்பை அருகே நடந்த சோதனை

இதெல்லாம் வெறும் அனுமானமா, யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். அதுவும் இந்திய ஜவுளி ஆலைகளிலேயே.

மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் பகுதிகளில் இருந்த 17 ஜவுளி நிறுவனங்களை எடுத்துக்கொண்டு, நிக்கோலஸ் புளூம் தலைமையிலான பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். 2013-ல் முடிவு வெளியானது. சில ஆலைகளுக்கு மட்டும் நிர்வாக ஆலோசகர்களை இலவசமாக அனுப்பினார்கள். அவர்கள் விலை உயர்ந்த மெஷின் எதையும் கொண்டுவரவில்லை. நூல் ஸ்டாக்கைப் பிரித்து லேபிள் ஒட்டு, மெஷின் நின்ற காரணத்தை எழுது, துணியில் வந்த குறைகளை தினமும் கூடிப் பார், தரையைச் சுத்தமாக வை. இந்த மாதிரி 38 விஷயங்கள்.

முதல் வருடத்திலேயே அந்த ஆலைகளின் உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. ஸ்டாக் தேக்கம் குறைந்தது, தரம் உயர்ந்தது. மூன்று வருடத்துக்குள் கூடுதல் ஆலைகளைத் திறந்தார்கள். அத்துடன் கம்ப்யூட்டர் பயன்பாடும் அந்த ஆலைகளில் அதிகமானது. தினமும் எண்களைப் பார்க்கும் பழக்கம் வந்த பிறகு, அந்த எண்களைச் சேர்த்துவைக்க கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. முதலில் பழக்கம், பிறகு கருவி.

இதே ஆலைகளுக்குப் பல வருடம் கழித்து ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள். கற்றுக்கொடுத்ததில் ஏறத்தாழ பாதியைக் கைவிட்டிருந்தார்கள். ஆனாலும் சோதனையில் சேராத ஆலைகளைவிட இவை நல்ல தூரம் முன்னால்தான் இருந்தன.

வாங்கியது ஒன்று, பயன்படுத்துவது ஒன்று

உலக வங்கி 11 நாடுகளில் நிறுவனங்களின் தொழில்நுட்பப் பயன்பாட்டை ஆராய்ந்து 2022-ல் புத்தகமாக வெளியிட்டது. இந்தியாவில் அவர்கள் எடுத்துக்கொண்ட இரண்டு மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு, மற்றொன்று உத்தரப் பிரதேசம். அந்த ஆய்வில் ஒரு கேள்விக்குப் பதிலாக இரண்டு கேள்வி கேட்டார்கள். இந்தத் தொழில்நுட்பம் உங்களிடம் இருக்கிறதா? தினசரி வேலைக்கு அதிகமாகப் பயன்படுத்துவது எதை?

இரண்டு பதிலுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தது. சாஃப்ட்வேர் இருக்கும், வேலை நோட்டில் நடக்கும். இன்னொரு வேடிக்கை, மற்றவர்களோடு ஒப்பிட்டால் நாம் தொழில்நுட்பத்தில் முன்னால் இருக்கிறோம் என்று பல நிறுவனங்கள் தங்களைப் பற்றி உயர்வாக நினைத்துக்கொண்டிருந்தன. அளந்து பார்த்தால் அப்படி இல்லை.

கோவையில் இது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பில் டேலியில் இருக்கும். ஸ்டாக் ஸ்டோர்காரரின் மனசில் இருக்கும். டிராயிங் வாட்ஸ்அப்பில் இருக்கும். அதில்தான் வம்பு. கஸ்டமர் போன மாதம் ஒரு டிராயிங் அனுப்பினார், இந்த மாதம் ஒரு அளவை மாற்றி ரிவிஷன் அனுப்பினார். குரூப்பில் நூறு மெசேஜுக்கு நடுவே அது போய்விட்டது. ஆபரேட்டர் போனில் டவுன்லோடு ஆகியிருப்பது பழையது. 500 பீஸ் ஓடிய பிறகு தெரிகிறது. அத்தனையும் ரிஜெக்ட். எந்த டிராயிங் கடைசி என்று ஒரே இடத்தில் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம்.

ஃபவுண்டரிகளில் இன்னொரு வகை. இன்று ஊற்றிய பம்ப் பாடியில் உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் அது இங்கே தெரியாது. நாலு நாள் கழித்து வேறொரு பட்டறையில் மெஷினிங் செய்யும்போதுதான் ஓட்டை தெரியும். அதற்குள் அதே மணல் கலவையில், அதே முறையில் இன்னும் நூற்றுக்கணக்கில் ஊற்றியாகிவிட்டது. ஒவ்வொரு காஸ்டிங்கும் எந்த நாள், எந்த உருக்கில் வந்தது என்று குறித்து வைத்து, ரிஜெக்ட் தகவல் அன்றைக்கே ஃபவுண்டரிக்குத் திரும்பினால் நஷ்டம் பாதியில் நிற்கும். இதற்குப் பெரிய ஈஆர்பி தேவையில்லை. இரண்டு ஓனர்களும் பேசிக்கொண்டு ஒரே ஷீட்டைப் பார்க்கச் சம்மதித்தால் போதும். பிரச்னை என்னவென்றால், தப்பு யாருடையது என்ற சண்டை வரும் என்று இரண்டு பேரும் தயங்குவார்கள்.

கட்டாயத்தில் வந்த டிஜிட்டல்

சிறு தொழில்களில் பெரும்பாலானவர்கள் கம்ப்யூட்டருக்கு மாறியது ஆசைப்பட்டு இல்லை. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. 2018-ல் இ-வே பில் வந்தது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் சரக்கு நகர்ந்தால் அது வேண்டும். 500 கோடி ரூபாய் விற்பனை உள்ள நிறுவனங்களுக்கு 2020 அக்டோபரில் தொடங்கிய இ-இன்வாய்ஸ், படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாய் விற்பனை உள்ளவர்களுக்கும் கட்டாயமானது.

இதனால் என்ன லாபம்? ஆரம்பத்தில் எதுவும் இல்லை, செலவுதான். ஆடிட்டர் ஃபீஸ், சாஃப்ட்வேர், பில் போட ஒரு ஆள். பெரிய கம்பெனிக்கு இது தூசு. ஐந்து பேர் வேலை செய்கிற பட்டறைக்கு ஓனரின் பாதி நாள் இதிலேயே போகும். இந்தப் புலம்பலில் நியாயம் இருக்கிறது.

ஆனால் பதிவான பில் ஒரு சொத்து. சிறு பட்டறையைக் கொல்வது பெரும்பாலும் நஷ்டம் இல்லை, வராத பாக்கி. சப்ளை செய்து 90 நாள், 120 நாள் கழித்துப் பணம் வந்தால், நடுவில் சம்பளமும் வட்டியும் எங்கிருந்து வரும்? புத்தகத்தில் லாபம், பாக்கெட்டில் கடன். முன்பு கேட்டால், "பில்லு வரலைங்களே" என்று வாங்கினவர் சொல்லலாம். இ-இன்வாய்ஸில் எண்ணும் கியூஆர் கோடும் இருக்கும்போது அப்படிச் சொல்ல முடியாது.

இந்த பில்லை வைத்துப் பணம் வாங்கும் வழிதான் டிரெட்ஸ். 2014-ல் ரிசர்வ் வங்கி விதிமுறை கொடுத்து உருவான தளம். ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்றவை இதை நடத்துகின்றன. வேலை இப்படி நடக்கும். நீங்கள் பில்லை ஏற்றுகிறீர்கள். வாங்கிய கம்பெனி 'ஆமாம், இது நான் கொடுக்க வேண்டிய பணம்' என்று ஒப்புக்கொள்கிறது. வங்கிகள் போட்டி போட்டு வட்டி சொல்கின்றன. குறைந்த வட்டியை எடுத்துக்கொண்டு பணத்தை வாங்கிக்கொள்ளலாம். வட்டி உங்கள் பட்டறையைப் பார்த்து முடிவாவதில்லை, வாங்கிய பெரிய கம்பெனியின் பெயரைப் பார்த்து முடிவாகிறது. அந்தக் கம்பெனி நாளைக்குப் பணம் கட்டாவிட்டாலும் வங்கி உங்களிடம் வந்து நிற்க முடியாது.

250 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனை உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் இதில் சேர வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சேர்வதைத்தான் அந்த உத்தரவு கட்டாயமாக்கியது. உங்கள் பில்லுக்கு ஓகே பட்டனை அழுத்துவது அந்தக் கம்பெனி கையில்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ம் ஆண்டு சிறுதொழில் சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டத்தில் 2023-ல் 43பி(எச்) என்ற பிரிவும் சேர்ந்தது. காலத்துக்குள் பணம் கொடுக்காத தொகையை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது என்பது அதன் சாரம். சில வாங்குபவர்கள் உத்யம் பதிவு இல்லாதவர்களுக்கு ஆர்டரை மாற்றுகிறார்கள் என்ற குறையும் உடனே எழுந்தது. புகார் கொடுக்க அரசின் ஆன்லைன் போர்ட்டல் இருக்கிறது. ஆனால் இருக்கிற ஒரே பெரிய கஸ்டமர் மேல் புகார் கொடுத்துவிட்டு அடுத்த ஆர்டருக்கு யாரிடம் போவது? இந்த பயத்தைத் தீர்க்கும் சாஃப்ட்வேர் இன்னும் வரவில்லை.

திருப்பூரில் டிஜிட்டல் வேறு முகம்

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் நிட்டிங், டையிங், காம்பேக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங் என்று பல கை மாறும். பல நேரம் ஒவ்வொன்றும் வேறு வேறு யூனிட். துணி கிலோ கணக்கில் போய், ஒவ்வொரு இடத்திலும் எடை கொஞ்சம் குறைந்து திரும்பும். எங்கே எவ்வளவு குறைந்தது என்ற கணக்கு ஒரே இடத்தில் இருந்தால், விலை கோட் செய்யும்போது குருட்டாம்போக்கில் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அதைவிடப் பெரிய காரணம் வெளிநாட்டு பையர். பருத்தி எங்கிருந்து வந்தது, எங்கே சாயமேற்றப்பட்டது என்று கேட்கிறார்கள். ஐரோப்பிய யூனியனில் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த விதிமுறை, பொருளோடு அதன் வரலாறும் டிஜிட்டல் பாஸ்போர்ட்டாக வர வேண்டும் என்ற பாதையைப் போட்டுவிட்டது. முதலில் கவனிக்கப்படும் துறைகளில் ஜவுளியும் ஒன்று. இங்கே டிஜிட்டல் பதிவு லாபத்தைக் கூட்டும் கருவி என்பதைவிட, ஆர்டர் கையை விட்டுப் போகாமல் காக்கும் கதவுச்சீட்டு.

அதற்காக எல்லாம் டேட்டா கையில் என்று நம்பிவிடவும் முடியாது. 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருட்கள் மேல் அமெரிக்க வரி 50 சதவீதமானபோது, நன்றாகக் கணக்கு வைத்தவர், வைக்காதவர் இருவருக்கும் அடி விழுந்தது. எந்த ஸ்டைலில் எவ்வளவு தள்ளுபடி தாங்கும் என்று தெரிந்தவருக்கு பையரிடம் பேச ஒரு எண் இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

மிச்சமான காசு யார் பாக்கெட்டுக்கு?

விற்பனைப் பேச்சில் வராத விஷயம் ஒன்று உண்டு. ஒரு ஜாப் ஒர்க் பட்டறை ஒரு பீஸை ஆறு நிமிடத்துக்குப் பதில் ஐந்து நிமிடத்தில் முடிக்கக் கற்றுக்கொள்கிறது. அந்தத் தகவல் கஸ்டமர் சிஸ்டத்தோடு இணைந்திருக்கிறது. அடுத்த வருடம் ரேட் பேசும்போது, "ஐந்து நிமிஷத்துலயே முடிக்கறீங்களே, ரேட்டைக் குறைங்க" என்று வரும். வாகன உதிரிபாகத் தொழிலில் வருடா வருடம் விலை குறைப்பு கேட்பது வழக்கமே. உழைப்பு இவருடையது, மிச்சம் அவருக்கு.

அதனால் எந்த டேட்டாவைக் கஸ்டமரோடு பகிர்வது என்பது தொழில்நுட்பக் கேள்வி இல்லை, வியாபாரக் கேள்வி. டெலிவரி தேதி, தரப் பரிசோதனை ரிப்போர்ட் கொடுப்பது ஒன்று. ஒவ்வொரு பீஸுக்கும் ஆகும் நேரத்தைத் திறந்து காட்டுவது வேறு. சொந்த பிராண்டில் பம்ப், கிரைண்டர் விற்பவர்களுக்கு இந்தச் சங்கடம் குறைவு. மிச்சம் பிடித்தது அவர்கள் கையிலேயே நிற்கும். ஒரே கஸ்டமரை நம்பியிருப்பவருக்குத்தான் இது கத்தி.

தொழிலாளிக்கும் இதே கேள்வி இருக்கிறது. மெஷின் ஓட்டம் 50-லிருந்து 65 ஆனதில் ஆபரேட்டருக்கு என்ன வந்தது? எதுவும் வரவில்லை என்றால் 'செட்டிங்' பட்டன் திரும்ப வேலை செய்யும்.

சரி, என்ன செய்யலாம்?

சாஃப்ட்வேர் டெமோ பார்க்கும் முன்பு ஒரு கோடு போட்ட நோட்டை ஒவ்வொரு மெஷினிலும் பத்து நாள் தொங்கவிடுங்கள். மெஷின் நின்றால் நேரமும் காரணமும் மட்டும் எழுதச் சொல்லுங்கள். யாரையும் திட்டாதீர்கள். பத்தாவது நாள் கூட்டிப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று காரணங்களே பாதிக்கு மேல் நேரத்தைத் தின்றிருக்கும். டூல் தேடுவது என்றால் ஒரு பலகை அடித்து மாட்டினால் போதும். ராடு வராதது என்றால் ஸ்டாக் கணக்கு வேண்டும், அதற்கு சாஃப்ட்வேர் உதவும். செட்டிங் நேரம் என்றால் ஆபரேட்டருக்குப் பயிற்சி வேண்டும்.

இந்த வேலையைச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்றால், மத்திய அரசின் லீன் திட்டத்தில் ஆலோசனைக் கட்டணத்தில் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது. உத்யம் பதிவு இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

நோட்டைப் பத்து நாள் எழுத ஆட்கள் ஒத்துழைக்கவில்லை என்றால், ஐந்து லட்சம் ரூபாய் சாஃப்ட்வேரிலும் அவர்கள் எழுதப்போவதில்லை. அந்த முன்பணத்தை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம்.